தோல் நிறம் என்றொரு நிறம்

1

போன ஐப்பசியில் அக்கா மகன் பள்ளிப்பட்டுக்கு வந்திருந்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. ஷிப்டு இல்லாத நேரத்தில் பொம்மைக்கு வண்ணம் அடிக்கிறான். குழந்தைகள் இழுத்துக்கொண்டு திரிகிற பொம்மை அல்ல. ஓரடி உயரம், மனித உடம்பில் ஆறில் ஒரு பங்கு, ரெசினில் வார்த்த தலை. வாங்குகிறவர்கள் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். முகம் 'நிஜ மனுசன் மாதிரி' வரவேண்டும் என்பதற்காக ராத்திரி முழுக்கக் கண் கெட உட்கார்ந்திருக்கிறான்.

அவன் பெட்டியில் இருந்த புட்டிகளில் ஒன்றின் மேல் 'ஃப்ளெஷ்' என்று ஒட்டியிருந்தது. சதை. ஒரு சொட்டு எடுத்து என் புறங்கையில் வைத்துப் பார்த்தேன். பிளாஸ்திரி ஒட்டினது போல் தனியாகத் தெரிந்தது.

"இன்னாடா இது, யாரு சதை?"

"அது அப்பிடித்தான் மாமா பேரு. நம்ம கலரு வேணும்னா வேற புட்டி தனியா வாங்கணும். இல்லன்னா பழுப்புல கலந்துக்கணும்."

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தூரிகையைக் கழுவப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. உலகத்தில் சதை என்று ஒன்று இருக்கிறது. நம்முடையது 'வேற புட்டி'. இந்தப் பிரிவினையை அந்தக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்திருக்க முடியாது. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனி 'சதை' என்று பெயரிட்டு விற்ற மெழுகுக் குச்சிக்கு 1962இல் 'பீச்' என்று ஒரு பழத்தின் பெயரை மாற்றி வைத்தது. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் இன்றைக்கும் "ஸ்கின் கலர் குடுடி" என்று கேட்டு வாங்கித்தான் படம் வரைகிறார்கள். கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் அந்த நிறத்தில் இருப்பதில்லை.

செய்த உருவத்தின் மேல் தோலைப் பூசுவது வெறும் கைத்திறன் பிரச்சினை அல்ல. யாருக்கு 'நிஜமான' தோல் பூசப்பட்டது, யாருக்கு அந்த நிஜம் தேவையில்லை என்று விடப்பட்டது, இதை முடிவு செய்தவர் யார் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் எனக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. அதை ஒப்புக்கொள்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

2

முதலில் கை அறிந்ததைச் சொல்லிவிடலாம். மறுநாள் அவன் வேலை செய்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தோலை யாரும் ஒரே நிறமாக அடிப்பதில்லை. அடிப்பூச்சு காய்ந்த பிறகு ஓர் இடத்தில் நீர்த்த சிவப்பு, ஓர் இடத்தில் நீலம், ஓர் இடத்தில் மஞ்சள் என்று திட்டுத்திட்டாக வைக்கிறான். அந்த நிலையில் முகம் அம்மை போட்டது போல அகோரமாக இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய பூச்சுகள், ஒன்று காய்ந்து ஒன்றாகப் பத்து, பதினைந்து. காதின் விளிம்பு, மூக்கு நுனி, விரல் மூட்டு இங்கெல்லாம் ரத்தம் தோலுக்குப் பக்கத்தில் ஓடுவதால் சிவப்பு கூடும். மழித்த தாடையில் நீலச் சாம்பல். கண்ணுக்குக் கீழே ஊதா. கடைசியில் பளபளப்பு இல்லாத வார்னிஷ். உதட்டிலும் கருவிழியிலும் மட்டும் பளபளப்பு.

கருத்த தோலுக்கு வேறு கணக்கு. வெளிச்சம் விழும் இடத்தைக் காட்ட வெள்ளையைக் கலந்தால் சாம்பல் பூத்துவிடும். மஞ்சள் காவியோ ஆரஞ்சோ கலந்துதான் ஏற்ற வேண்டும். மேலே படுகிற ஒளி எந்த நிறமோ அந்த நிறத்தைக் கருந்தோல் தெளிவாகத் திருப்பிக் காட்டும். வானத்தின் கீழ் நெற்றியில் நீலம் ஓடும். உள்ளங்கையும் உள்ளங்காலும் வெளிறியிருக்கும். "தோலுங்கறது கலரு இல்ல மாமா, ஆழம்" என்றான்.

விஞ்ஞானம் சொல்வதும் அதுதான். ஒளி தோலின் மேற்பரப்போடு நிற்பதில்லை. உள்ளே புகுந்து, சிதறி, ரத்தத்தின் சிவப்பையும் மெலனினின் பழுப்பையும் தடவிக்கொண்டு வெளியே வருகிறது. மெலனின் எல்லோருடைய தோலிலும் உண்டு. அதன் அளவும் வகையும்தான் வேறு. ஆகத் தோலில் ஒரு நிறம் இருப்பதாக நம்பிக்கொண்டு எந்த ஓவியனும் தோலைத் தீட்டிவிட முடியாது. கை இதை நன்றாக அறிந்திருக்கிறது. புட்டியின் மேல் ஒட்டிய சீட்டு அதை மறுக்கிறது.

நம் பேச்சுமொழியும் இதில் குழப்பமில்லாமல் இல்லை. வெளுத்தவரைத் தமிழன் 'வெள்ளை' என்பதில்லை, 'செவப்பு' என்கிறான். கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவே மாநிறம், புதுநிறம் என்று படிகள் வைத்திருக்கிறான். சங்கப் பாடல்களில் தலைவியின் அழகு மாமை. அது மாந்தளிரின் நிறம். பிரிவில் அந்த நிறம் போய் உடம்பு வெளிறுவது பசலை. அதாவது ஒரு காலத்தில் இந்த மொழியில் வெளிறுவது நோயாக இருந்திருக்கிறது. அந்த மொழியிலேயே 1975இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு 2020 வரை அதே பெயரில் விற்றது. பிறகு பெயர் மட்டும் மாறியது.

3

வெள்ளைத் தோலுக்குச் சாட்சியாக ஐரோப்பா நிறுத்தியது பளிங்குச் சிலையை. ஜெர்மானிய அறிஞர் விங்கெல்மன் 1764இல் வெளியிட்ட பண்டைக் கலை வரலாற்றில், வெண்மை அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதால் உடல் எவ்வளவுக்கு வெண்மையோ அவ்வளவுக்கு அழகு என்று எழுதினார். அவர் புகழ்ந்த கிரேக்க, ரோமானியச் சிலைகள் செய்யப்பட்ட காலத்தில் வெள்ளையாக இல்லை. தலைமுடி, கண், உதடு, ஆடை, தோல் எல்லாவற்றிற்கும் வண்ணம் இருந்தது. மண்ணுக்கடியில் கிடந்தபோதும் தோண்டி எடுத்துக் கழுவியபோதும் அது போயிற்று. போகாமல் ஒட்டியிருந்ததையும் சுரண்டினார்கள். 1937–38இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் பார்த்தினான் கோயில் சிற்பங்களை இன்னும் வெள்ளையாக்க உலோகக் கருவிகளால் தேய்த்தது பின்னால் பெரிய அவமானமாக வெளியே வந்தது. 2003இல் ம்யூனிக் நகரில் அந்தச் சிலைகளின் பிரதிகளுக்குப் பழைய வண்ணம் கண்டுபிடித்துப் பூசிக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள், 'மலிவாக இருக்கிறது' என்று. நம் கோபுரத்துச் சுதைச் சிற்பங்களைப் பார்த்து வெள்ளைக்காரன் சொன்னதும் இதே வார்த்தைதான்.

ஆனால் ஐரோப்பா முழுதும் இப்படி இருந்ததில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயினில் மரத்தில் செதுக்கிய கிறிஸ்துவுக்கும் புனிதர்களுக்கும் தோல் பூசுவது தனித் தொழில். செதுக்குகிறவன் வண்ணம் பூசக்கூடாது. அது ஓவியர் சங்கத்தின் உரிமை. செவில் நகரத்தில் ஃபிரான்ஸிஸ்கோ பாசெக்கோ என்ற ஓவியர், சிற்பியான மோன்டானியஸ் வண்ண வேலைக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டுவிட்டார் என்று 1622இல் கண்டித்து எழுதினார். அந்தப் பூச்சுக்கு அவர்கள் வைத்த பெயர் 'என்கார்னஸியோன்'. சதையாக்குதல் என்றும், இறைவன் மனித உடல் எடுத்தல் என்றும் பொருள்படும் அதே சொல். சுண்ணப் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணத்தைப் பளபளப்பில்லாமல் பூசி, காயத்தில் ரத்தம் கன்றிப்போன நீலம் வரை காட்டினார்கள். தோல் நிஜமாக இருந்தால்தான் பக்தன் அழுவான் என்பது அவர்கள் கணக்கு. அங்கே யதார்த்தம் தெய்வத்துக்குக் கொடுத்த மரியாதை.

அதே கைத்திறன் காலனிக்குள் வந்தபோது, நிஜத் தோல் தெய்வத்தைவிட்டு இறங்கி வேறோர் இடத்துக்குப் போயிற்று.

4

வங்காளத்தின் நதியா மாவட்டத்தில் கிருஷ்ணநகர். அங்கே கூர்ணி என்ற பகுதியில் பால் என்கிற குடும்பப் பெயர் கொண்ட குயவர்கள் தலைமுறைகளாக மண்ணில் தெய்வம் செய்து வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரன் கேட்டது தெய்வத்தை அல்ல, ஆட்களை. தண்ணீர் சுமக்கிறவன், துணி வெளுக்கிறவன், பல்லக்குத் தூக்கி, சமையல்காரன், பிச்சைக்காரன். சில அங்குல உயரம். நிஜ மயிர், நிஜத் துணி, நிஜ வைக்கோல். தோல், விலா எலும்பின் நிழல் வரைக்கும் அச்சு அசல். 1851 லண்டன் மகா பொருட்காட்சியில் இவை வைக்கப்பட்டன. ஐரோப்பியர்கள் வாங்கிச் சேகரித்தார்கள். என் அக்கா மகனுடைய கண்ணாடி அலமாரிக்கு இது ஒரு முப்பாட்டன் எனலாம்.

1886இல் லண்டனில் காலனி, இந்தியப் பொருட்காட்சி. கிருஷ்ணநகர்க் கலைஞர்கள் செய்த ஆளுயர உருவங்கள் 'இந்திய இனங்கள்' என்று நிறுத்தப்பட்டன. அந்தக் கலைஞர்களில் பெயர் பெற்றவர் ஜதுநாத் பால். அதே பொருட்காட்சியில் உயிரோடிருந்த இந்தியக் கைவினைஞர்களையும் உட்கார வைத்து வேலை செய்யச் சொன்னார்கள். அவர்களில் பலர் ஆக்ரா சிறையில் தொழில் பழக்கப்பட்ட கைதிகள். மண் மனிதனும் உயிர் மனிதனும் ஒரே கூரையின் கீழ், ஒரே பார்வைக்காக.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் சேலம் நகர மியூசியத்தில் கல்கத்தா வணிகர்களின் ஆளுயர மண்ணுருவங்கள் இருக்கின்றன. அமெரிக்கக் கப்பல்காரர்களோடு வியாபாரம் செய்தவர்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது. ராஜேந்திர தத் என்று ஒருவரைச் சொல்ல முடிகிறது. தண்ணீர் சுமப்பவனுக்குப் பெயர் இல்லை. அவன் வகைமாதிரி. அவனுடைய தோல் எவ்வளவு துல்லியமோ அவ்வளவுக்கு அவன் யாரோ ஒருவன் ஆகாமல் போகிறான். நம் பக்கத்தில் தஞ்சாவூர் ஓவியர்கள் கம்பெனி அதிகாரிகளுக்காக வரைந்த ஜாதித் தம்பதியர் படங்களும் இதே கதைதான்: ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கருவி, கீழே ஜாதியின் பெயர்.

பொம்மையில் இருந்த வகைமாதிரி உடம்புக்கே வர நாளாகவில்லை. 1885இலிருந்து 1908 வரை சென்னை மியூசியத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கையும் மண்டையையும் அளந்து 1909இல் ரங்காச்சாரியின் துணையோடு ஏழு தொகுதிகளில் தென்னிந்திய ஜாதிகளைப் பட்டியலிட்டார். வயநாட்டுப் பணியப் பெண்கள் தன்னைக் கண்டதும் ஓடினார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார்: தங்களில் நல்லவர்களாகப் பார்த்துப் பிடித்து, பாடம் செய்து மியூசியத்தில் நிறுத்திவிடுவார் என்று பயந்தார்களாம். அவர் அதைத் தமாஷாக எழுதினார். எனக்கு அந்தப் பெண்கள் காலனிய மானுடவியலின் உள்ளர்த்தத்தை ஒரே பார்வையில் வாசித்தவர்களாகப் படுகிறார்கள். அந்தக் காலத்தில்தான் ஜெர்மனியின் ஃபான் லூஷன் 36 கண்ணாடித் துண்டுகளை வரிசையாகப் பதித்து, எண் போட்டு, அதைத் தோலோடு வைத்து ஒப்பிட்டு நிறம் குறிக்கிற முறையைக் கொண்டுவந்தார். ஆழம் போய் எண் வந்தது. புட்டியின் சீட்டுக்கு வழி பிறந்தது.

5

இனி நம் வீட்டுக்கு வரலாம். பள்ளிப்பட்டு 1960 ஏப்ரல் வரைக்கும் ஆந்திராவில், சித்தூர் ஜில்லாவில் இருந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு, பாதித் தமிழ், நடுவில் தறிச் சத்தம். நவராத்திரி வந்தால் வசதியுள்ள வீடுகளில் கொலு. காஞ்சிபுரத்துப் பொம்மைக்காரத் தெருவிலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் வருகிற பொம்மைகள்: களிமண், காகிதக் கூழ், பிற்பாடு பிளாஸ்டர். சுண்டலுக்காகப் போய் வாசலில் நின்ற பையன்களில் நானும் ஒருவன். பொம்மைகளைக் கீழ்ப்படியிலிருந்து மேலே பார்த்துப் பழகியவன்.

மேல்படியில் கண்ணன், ராமன். பெயரே கருப்பு என்று பொருள்படும் மாயோனுக்கு நீலம். தாயாருக்கு மஞ்சளோ ரோஜாவோ. நடுப்படியில் மகான்களும் தேசத் தலைவர்களும், எல்லோருக்கும் ஒரே ரோஜா நிறம். கீழ்ப்படியில் பாம்பாட்டி, குறவன் குறத்தி, செருப்புத் தைப்பவர், நாற்று நடும் பெண்கள். அங்கேதான் பழுப்பு. அங்கேதான் நெஞ்செலும்பின் நிழல், வியர்வைப் பளபளப்பு, காய்ந்த உதடு. கிருஷ்ணநகரிலிருந்து இதற்கு நேரடி வம்சாவளி இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் பங்கீடு ஒன்றாக இருக்கிறது. குறியீடு மேலே இருப்பவர்களுக்கு, யதார்த்தம் கீழே இருப்பவர்களுக்கு. கருப்பாக இருக்கும் உரிமை அல்ல இது. கருப்பாகக் காட்டப்படும் கட்டாயம்.

அதே கொலுவில் ஒரு விதிவிலக்கு உண்டு: மரப்பாச்சி. திருப்பதிப் பக்கத்துச் செம்மரத்தில் கடைந்த ஜோடி. துணி சுற்றுவார்கள், பொட்டு வைப்பார்கள். தோல் பூசுவதில்லை. மரத்தின் நிறமே தோல்.

இன்னொன்று கொலுவுக்கு வெளியே, ஊர்க் கோடியில். பாரதக் கூத்து முடிகிற நாளில் துரோபதையம்மன் கோயில் திடலில் மண்ணைக் குவித்துத் துரியோதனனைப் படுக்க வைப்பார்கள், படுகளத்துக்கு. வீடு நீளத்துக்கு உடம்பு. என் சித்தப்பா சைன்போர்டு எழுதுகிறவர். துரியோதனனுக்கும் அவர்தான் வண்ணம். "மேலுக்கு என்ன கலரு சித்தப்பா?" என்று கேட்டால், "இந்த வருசம் எந்தப் பொடி மலிவோ அது" என்பார். ஒரு வருஷம் மஞ்சள், ஒரு வருஷம் ரோஸ். நிஜ மனிதன் மாதிரி இருக்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. அன்று சாயந்திரமே பீமன் வந்து தொடையைப் பிளக்கிறபோது கூட்டம் அழுதது. பாசெக்கோ கணக்குப்படி அந்த அழுகை வந்திருக்கக் கூடாது.

6

1991 அம்பேத்கர் நூற்றாண்டு. பள்ளிப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் சிமெண்டில் சிலை வைத்தார்கள். காசு வசூல் செய்து, கூலியில் பிடித்துக் கொடுத்து வைத்த சிலை. வண்ணத்துக்குச் சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். டப்பா தூக்கிக்கொண்டு நான் போனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையில் சிறு பத்திரிகை, வாயில் சோஷலிச யதார்த்தவாதம். நாங்கள் ஊர்த் தெரு ஆட்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோட்டு நீலம், புத்தகம், கண்ணாடி, எதிலும் தகராறு இல்லை. முகத்துக்கு வந்தபோது சித்தப்பா தூரிகையை நிறுத்தி, "மூஞ்சிக்கு இன்னா கலரு?" என்றார். கையிலிருந்த போட்டோ கருப்பு வெள்ளை. அது ஒன்றும் சொல்லவில்லை.

"செவப்பா அடி நைனா, ராசா மாதிரி இருக்கணும்" என்றார் ஒரு பெரியவர். பையன்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம கலர்ல அடிங்க. நம்ம ஆளு நம்ம மாதிரி இருக்கட்டும்." நான் பையன்கள் பக்கம் சேர்ந்துகொண்டேன். வெள்ளைத் தோல் மோகம், ஆதிக்கக் கருத்தியல், உள்வாங்கிய அடிமைத்தனம் என்று படித்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். உழைக்கும் மக்களின் நிறம் பழுப்பு என்று ஒரு வாக்கியம் சொன்னது நினைவிருக்கிறது. இப்போதும் கூசுகிறது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த ஓர் ஆயா கேட்டது: "நாங்க கருப்புன்னு எங்களுக்குத் தெரியாதா தம்பி? அதச் சொல்றதுக்கு ஒரு செலை வேணுமா? உங்க வூட்டுக் கொலுவுல எங்கள அப்பிடித்தான வச்சிருக்கீங்க."

எங்கள் வீட்டில் கொலு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் நின்று பார்த்த வாசலுக்குக்கூட அவர்கள் வந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஒரு பையன் விடவில்லை. "அப்ப நம்ம கலரு அவருக்குக் கேவலமா ஆயா?" ஆயா அவனைப் பார்த்தது. "கேவலம்னு நானா சொன்னேன்? அவரு யாரு மாதிரியும் இருக்க வேணாம்னு சொல்றேன்."

இத்தனை வருஷம் கழித்து யோசிக்கையில் அந்த வாக்குவாதத்தில் இரண்டு பேரும் சரி என்று தோன்றுகிறது. பையன் கேட்டது உரிமை: மேல்படியில் நிற்கிறவனுக்கும் நம் தோல் இருக்கட்டும் என்பது. ஆயா கேட்டது விடுதலை: வகைமாதிரியிலிருந்து, நிஜத்தைக் காட்டுகிறேன் என்று வருகிறவன் கையிலிருந்து. கண்ணனுக்கு நீலம் பூசுகிறபோது 'இது யதார்த்தமா' என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சலுகையைத்தான் ஆயா கேட்டது. தவறாகப் பேசியவன் நான் ஒருவன்தான். நான் சொன்ன நிறம் தவறில்லை. அதைச் சொல்லும் இடம் என்னுடையது இல்லை. தண்ணீர் சுமப்பவனின் தோலைத் துல்லியமாக்கச் சொன்ன வாங்குபவனுடைய இடத்தில், முற்போக்கு வேஷத்தில், நான் நின்றுகொண்டிருந்தேன்.

சித்தப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வேலையைத் தொடங்கியிருந்தார். ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு. அதன்மேல் காவி, மஞ்சள் காவி, டர்பெண்டைன் ஊற்றி நீர்த்து நீர்த்துப் பூசினார். வெள்ளையைத் தொடவில்லை. "கருப்புல வெள்ளையக் கலந்தா சாம்பல் பூத்துடும்டா" என்று அவர் அன்று சொன்னதைத்தான் அக்கா மகன் முப்பது வருஷம் கழித்து யாரிடமோ கற்றுக்கொண்டு வந்து எனக்குச் சொன்னான். முடித்தபோது வெயிலில் ஒரு நிறமாகவும் சாயந்திரம் ஒரு நிறமாகவும் இருந்தது. பெரியவர் "செவப்பாத்தான் இருக்குது" என்றார். பையன்கள் "நம்ம கலருதான்" என்றார்கள். ஆயா ஒன்றும் சொல்லவில்லை, வெற்றிலை மடித்துக் கொடுத்தது. சித்தப்பா வாங்கிப் போட்டுக்கொண்டார். ஊர்த் தெருவில் அதற்கும் பேச்சு வந்தது.

இரண்டு மழையில் அது உரிந்தது. அடுத்த ஜெயந்திக்கு வேறு யாரோ ஒரே டப்பாவில் ரோஜா நிறம் அடித்துவிட்டுப் போனார்கள். பிறகு, தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் அம்பேத்கருக்கு நடந்ததுதான் இங்கேயும்: சிலையைச் சுற்றிக் கம்பிக் கூண்டு. இப்போது முகத்தில் விழுவது கம்பியின் நிழல். காலையில் ஒரு கன்னத்தில், மாலையில் மறு கன்னத்தில்.

7

ஊருக்குக் கிளம்புகிற அன்று அக்கா மகன் பையிலிருந்து ஒரு தலையை எடுத்துக் காட்டினான். இன்னும் வண்ணம் படாத சாம்பல் நிற ரெசின். வட்டக் கண்ணாடி, அகன்ற நெற்றி. யார் என்று சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் ஒருத்தர் கேட்டிருக்கிறாராம், அலமாரியில் வைக்க.

"எல்லா போட்டோவும் பாத்துட்டேன். கருப்பு வெள்ளையா இருக்குது, இல்லன்னா பின்னாடி யாரோ கலர் போட்டதா இருக்குது. இன்னா கலரு மாமா அடிக்கட்டும்?"

எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்த வயது ஒன்று இருந்தது. ஆயா இப்போது இல்லை. அதன் பேத்தி இருக்கிறாள், பள்ளிப்பட்டிலேயே டீச்சராக வேலை பார்க்கிறாள். அந்தத் தெருவுக்கு வழி சொல்லி, பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, போய்க் கேட்டுவிட்டு வா என்று அனுப்பினேன். புட்டிகளை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.